விலை குறைந்த ரைடிங் மோவர்: உழைக்குமா, வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, வட கரோலினாவில் சார்லட் நகருக்கு வெளியே போன வருடம் வீடு வாங்கினோம். மொத்தம் ஒன்றேகால் ஏக்கர், அதில் புல் மட்டும் ஒரு ஏக்கர் இருக்கும். முன்பக்கம் சமதளம். பின்பக்கம் ஓடையை நோக்கிச் சரிவு. இதுவரை ஆள் வைத்து வெட்டினோம், ஒரு தடவைக்கு 65 டாலர். கடையில் 42 அங்குல அகலம் வெட்டும் ரைடிங் மோவர், அதாவது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி, ஒன்று 2,200 டாலருக்குப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர், "அது வெறும் தகரம், மூன்று வருஷம் தாங்காது, 4,500 கொடுத்து நல்லதாக வாங்கு" என்கிறார். மனைவியோ ஆளே வந்து வெட்டட்டும் என்கிறார். விலை குறைந்தது உழைக்குமா? காய்கறித் தோட்டத்துக்கு மண் இழுக்க ஆகுமா? மே மாதம் தஞ்சாவூரிலிருந்து அப்பா வருகிறார், அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓட்டலாமா?

பதில்: தம்பி, முதலில் பணக் கணக்கை முடித்துவிடுவோம், அது சுலபம். உங்கள் பக்கம் ஏப்ரலில் தொடங்கினால் அக்டோபர் கடைசி வரை வெட்ட வேண்டியிருக்கும். வாரம் ஒரு தடவை, வறட்சியில் சில வாரம் விட்டுப்போகும் என்று வைத்தாலும் வருடத்துக்கு 30 தடவை. 65 டாலர் வீதம் 1,950. பெட்ரோல், ஆயில், ஃபில்டர், பிளேடு என்று சொந்த மோவருக்கு வருடம் 150 டாலர் வரை ஆகும், சில வருடம் ஒரு பெல்ட் சேர்ந்து 200 ஆகும். ஆக 2,200 டாலர் வண்டி ஒரு பருவமும் கொஞ்சமும் ஓடினாலே போட்ட பணம் திரும்பிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறபடி மூன்றே வருடத்தில் போனாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. வாராவாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் உட்காருவது நீங்கள்தான் என்பது மட்டும் இந்தக் கணக்கில் வராது. உங்கள் மனைவி அதை யோசித்துத்தான் சொல்லியிருப்பார்.

உழைக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு விலையை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. என் பட்டறைக்கு வந்த இரண்டு வண்டிகளைச் சொல்கிறேன். இரண்டும் ஒரே நிறம், ஒரே மாடல், மலிவு ரகத்திலும் மலிவானது. ஒன்று, ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவருடையது. முக்கால் ஏக்கர், உள்ளங்கை மாதிரி சமதளம். பதினான்கு வருடமாக வருகிறது, இன்னும் ஓடுகிறது. மேல்மூடி வெளுத்துவிட்டது, இருக்கையில் பழைய பாய் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். மற்றது, வீடு கட்டி முடித்த கையோடு வாங்கியவருடையது. மேட்டு நிலம். போதாக்குறைக்குப் பின்னால் வண்டி மாட்டி, தோட்டத்துக்குக் கல் இழுத்திருக்கிறார். இரண்டாவது கோடையிலேயே மேடு ஏற மறுத்துவிட்டது. எஞ்சின் அழகாக ஓடுகிறது, பெடலை மிதித்தால் சக்கரம் சுற்றவில்லை.

இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் நிலம்தான். விலை குறைந்த ரைடிங் மோவரில் எஞ்சினைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள், எத்தனை ஹார்ஸ்பவர் என்று கேட்பார்கள். எஞ்சின் பெரும்பாலும் தாங்கும். முதலில் போவது பின்சக்கரத்துக்கு நடுவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்மிஷன்.

அதன் வேலை இப்படி. அலுமினியப் பெட்டி ஒன்றுக்குள் ஒரு சின்ன பம்பு, ஒரு சின்ன மோட்டார், சுற்றிலும் ஆயில். எஞ்சினிலிருந்து வரும் பெல்ட் பம்பைச் சுற்றும், பம்பு ஆயிலை அழுத்தத்தோடு மோட்டாருக்குத் தள்ளும், மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். இதைத்தான் ஹைட்ரோஸ்டாட்டிக் என்கிறார்கள். கியர் மாற்ற வேண்டாம், பெடலை அழுத்தினால் போகும், ஓட்ட சுகம். ஆனால் மலிவு வண்டியில் வருவது இந்தக் குடும்பத்திலேயே சின்னது. பாரம் ஏற ஏற ஆயில் சூடாகும். சூடானால் நீர்த்துப்போகும். நீர்த்த ஆயில் உள்ளே இருக்கிற நுண்ணிய இடைவெளிகளில் கசிந்து திரும்பிவிடும், சக்கரத்துக்கு இழுவை கிடைக்காது. அதனால்தான் காலையில் முதல் இருபது நிமிடம் நன்றாக ஏறும், அப்புறம் அதே மேட்டில் முக்கும். அந்தப் பெட்டிகள் பலவற்றில் ஆயிலை வடிக்க ஒரு திருகுகூடக் கிடையாது. கழற்றி, தலைகீழாகக் கவிழ்த்துத்தான் மாற்ற வேண்டும். புதிதாக ஒன்று வாங்கி மாட்டினால் கூலியோடு சேர்த்து வண்டியின் விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். இங்கே பலர் அந்தக் கட்டத்தில் வண்டியையே தூக்கிப் போடுகிறார்கள். நம் ஊரில் மொபெட்டில் மூன்று நெல் மூட்டை ஏற்றி மேம்பாலம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறும், ஏறாமல் இல்லை. எத்தனை நாளுக்கு என்பதுதான்.

ஆகவே நீங்கள் கடைக்குப் போகும் முன்னால் செய்ய வேண்டியது பின்பக்கச் சரிவை அளப்பது. கைபேசியில் மட்டம் பார்க்கும் செயலி இருக்கும். நீளமான ஒரு பலகையைச் சரிவில் கிடத்தி, அதன்மேல் வைத்துப் பாருங்கள். 15 டிகிரி என்பது எல்லை. ரைடிங் மோவரின் கையேடுகள் பலவற்றில் அந்த எண்ணை எழுதியிருப்பார்கள், அதற்கு மேல் ஓட்டாதே என்று. 10 அடி தூரத்துக்கு 2.7 அடி ஏற்றம் என்றால் 15 டிகிரி. அது வண்டியின் ஆயுளுக்காகப் போட்ட எல்லை இல்லை, உங்கள் உயிருக்காகப் போட்டது. வண்டியின் ஆயுளைக் கேட்டால், மலிவு வண்டிக்கு நான் எட்டு, ஒன்பது டிகிரியிலேயே தயங்குவேன். சரிவில் ரைடிங் மோவரை ஏற்ற இறக்கமாக, மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்காக ஓட்டக் கூடாது. கையால் தள்ளும் மோவருக்கு நேர்மாறு, அதைக் குறுக்காகத்தான் தள்ள வேண்டும், வழுக்கினால் கால் பிளேடுக்கு அடியில் போகாமல் இருக்க. ஓடைக்கரையோரம் கடைசி ஐந்தாறு அடியை எந்த வண்டியும் தொட வேண்டாம். அங்கே புல் எதற்கு என்று நினைக்கிறேன். வேர் பிடித்துப் படரும் செடி எதையாவது வைத்து விட்டுவிடுங்கள், உங்கள் பக்கத்துச் செம்மண் கரைந்து போகாமலும் இருக்கும்.

சரி, கடையில் என்ன பார்ப்பது? மேல்மூடியில் இருக்கும் பெயரை முதலில் மறந்துவிடுங்கள். ஒரு காலத்தில் சியர்ஸ் கடையின் சொந்த வணிகப் பெயராக இருந்த கிராஃப்ட்ஸ்மேனை 2017இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது. டிராய்-பில்ட், கப் கேடட் வண்டிகளைச் செய்துவந்த எம்டிடி நிறுவனத்தையும் அதே ஸ்டான்லி 2021 முடிவில் முழுதாக வாங்கிக்கொண்டது. கடையில் மூன்று நிறத்தில் மூன்று பெயரோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை அடியில் பங்காளிகளாக இருக்கலாம். எஞ்சினும் அப்படித்தான். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், கோலர், கவாசாகி என்று நாலைந்து பெயர்களுக்குள்ளேயே சுற்றும்.

ஹார்ஸ்பவர் எண்ணையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மோவர் எஞ்சின்களின் பவரைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று இங்கே பெரிய வழக்கே நடந்து, 2010இல் பல கம்பெனிகள் சமரசத்துக்கு வந்தன. ஒரு ஏக்கருக்கு 17, 18 போதும்.

நீங்கள் படிக்க வேண்டிய எண் எஞ்சின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் இருக்கிறது. யாரும் பார்ப்பதில்லை. புகை விதிகளுக்காக, இத்தனை மணி நேரம் வரை இந்த எஞ்சின் சுத்தமாக எரியும் என்று தயாரிப்பாளர் சான்று தர வேண்டும். உங்கள் அளவு எஞ்சினுக்கு, அதாவது 225 சிசிக்கு மேல், ஸ்டிக்கரில் சி என்ற எழுத்து இருந்தால் 250 மணி, பி என்றால் 500, ஏ என்றால் 1,000. சில ஸ்டிக்கரில் எழுத்துக்குப் பதில் மணிக்கணக்கே இருக்கும். அது ஆயுள் காலம் அல்ல, 251ஆவது மணியில் எஞ்சின் நின்றுவிடாது. ஆனாலும் செய்தவனே எவ்வளவு நம்புகிறான் என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கடையில் கிடைக்காது. உத்தரவாதச் சீட்டும் அதே மாதிரிதான். ஜான் டீரின் 100 வரிசைக்கு, அதாவது பெரிய கடைகளில் விற்கும் மலிவு வரிசைக்கு, 2 ஆண்டு அல்லது 120 மணி நேரம். டீலரிடம் கிடைக்கும் எக்ஸ்300 வரிசைக்கு 4 ஆண்டு அல்லது 300 மணி. இரண்டும் பச்சை, இரண்டிலும் மான் பாய்கிறது. கம்பெனியே இரண்டையும் ஒன்றாக நினைக்கவில்லை.

இந்த மணி நேரத்தை உங்கள் நிலத்தோடு பொருத்திப் பாருங்கள். 42 அங்குல டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் அடிப்பகுதி), மணிக்கு 4 மைல் வேகம், ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி வெட்டுவது, மரத்தைச் சுற்றுவது, திரும்புவது எல்லாம் சேர்ந்தால் ஒரு ஏக்கருக்கு ஒன்றேகால் மணி நேரம் வரை ஆகும். வருடத்துக்கு 30 தடவை என்றால் 35 முதல் 40 மணி. பத்து வருடத்துக்கு 400 மணிக்குள். சமதளத்தில், பார்த்துக்கொண்டால், மலிவு வண்டியும் இதைத் தாண்டும். என் பட்டறையில் 500, 600 மணி காட்டும் மலிவு வண்டிகள் வந்து போகின்றன. மூன்று வருடத்தில் போய்விடும் என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பொய்யாக இருக்காது, அவர் பார்த்த வண்டி அப்படிப் போயிருக்கும். அவர் வீட்டுப் பின்பக்கம் எவ்வளவு சரிவு என்று எட்டிப் பாருங்கள்.

கடையில் குனிந்து டெக்கின் அடியைப் பாருங்கள். மலிவு வண்டியில் ஒரே தகட்டை அச்சில் அழுத்தி எடுத்திருப்பார்கள், 13 கேஜ் தகடு என்றால் இரண்டேகால் மில்லிமீட்டர் கனம். விலை உயர்ந்ததில் கனமான தகடுகளை வெட்டி வெல்டிங் செய்திருப்பார்கள். மெல்லிய தகடு வெட்டும் தரத்தைக் குறைக்காது, சொல்லப்போனால் அச்சில் எடுத்த வளைவு புல்லை அழகாகத் தூக்கிவிடும். துருதான் பிரச்சினை. ஈரப்புல் அடியில் அப்பிக்கொண்டு வாரக்கணக்கில் கிடந்தால் நாலைந்து வருடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் ஓட்டை விழும். டெக்கில் தோட்டக் குழாயை மாட்டிக் கழுவ ஒரு வாய் வைத்திருப்பார்கள், விற்பவர் அதைப் பெருமையாகக் காட்டுவார். நான் அதைத் தொடச் சொல்ல மாட்டேன். தண்ணீர் பேரிங்குக்குள் போகிறது, புல் போக வேண்டிய அளவு போவதில்லை. வெட்டி முடித்ததும் இலை ஊதும் கருவியால் ஊதிவிடுங்கள், மாதம் ஒரு முறை அடியில் சுரண்டுங்கள், போதும். பிளேடு சுற்றும் அச்சான ஸ்பிண்டிலில் கிரீஸ் நிப்பிள், அதாவது கிரீஸ் அடிக்கும் வாய், இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த வண்டிக்கு என்னிடம் ஒரு மதிப்பெண் கூடுதல். அதேபோல் எஞ்சினில் ஆயில் ஃபில்டர். மிக மலிவானவற்றில் அது இருக்காது.

ஹைட்ரோஸ்டாட்டிக் இல்லாமல், கியர் லீவரும் பெல்ட்டுமாக இன்னும் 200, 300 டாலர் குறைவாக ஒன்று நிற்கும். சிலர் அது எளிமையானது, நீடிக்கும் என்பார்கள். பழைய நாள் கியர்பாக்ஸ் வண்டிக்கு அது பொருந்தும். இப்போது வருவதில் பலவும் விட்டம் மாறும் கப்பியில் பெல்ட் ஏறி இறங்கி வேகம் மாற்றுகிற வகை, பெல்ட் மாற்றுவது பெரிய வேலை. அந்த 300 டாலரை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இனி, வாங்கிய பிறகு எது வண்டியைக் கொல்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஏப்ரலிலும் என் வாசலில் வரிசை நிற்கும், பாதிக்கு மேல் பெட்ரோல் கோளாறு. இங்கே பங்க்கில் வருவது 10 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நின்றால் கார்புரேட்டருக்குள் பிசினாக உறையும். குளிர்காலத்துக்கு முன் டேங்க்கை ஓட்டிக் காலி செய்யுங்கள், அல்லது பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரைக் கலந்து பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். பங்க்கில் 88 என்ற எண் போட்ட மலிவுப் பெட்ரோல் இருக்கும், அதில் 15 சதவீதம் எத்தனால். மோவரில் அதை ஊற்றச் சட்டப்படியே கூடாது.

இன்னொன்று, இது தெரியாமல் பலர் பணத்தை விடுகிறார்கள். மூன்று நான்கு வருடம் ஆன ஒற்றை சிலிண்டர் வண்டி. சாவியைத் திருகினால் அரைச் சுற்று சுற்றி முக்கி நிற்கும். பேட்டரி போச்சு என்று புது பேட்டரி வாங்குவார்கள். சரியாகாது. ஸ்டார்ட்டர் மாற்றுவார்கள். அப்போதும் சரியாகாது. அப்புறம் எஞ்சினே போய்விட்டது என்று முடிவு செய்துவிடுவார்கள். பெரும்பாலும் அது டேப்பட் செட்டிங், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் வேலை. வால்வு இடைவெளி கூடிப்போனால், ஸ்டார்ட் ஆகும்போது சிலிண்டர் அழுத்தத்தைக் கொஞ்சம் விடுவிக்கிற அமைப்பு வேலை செய்யாது, ஸ்டார்ட்டர் முழு அழுத்தத்தோடு மல்லுக்கட்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் இரண்டு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும். நம் ஊரில் புல்லட் வைத்திருந்த யாரிடம் கேட்டாலும் செய்து தருவார்.

ஆயில் முதல் தடவை சீக்கிரம் மாற்றுங்கள். பல எஞ்சின்களுக்கு முதல் 5 மணி நேரத்திலேயே மாற்றச் சொல்வார்கள், அப்புறம் 50 மணிக்கு ஒரு தரம் அல்லது வருடம் ஒரு தரம். டிரான்ஸ்மிஷன் பெட்டிக்கு மேல் சின்ன பிளாஸ்டிக் விசிறி ஒன்று சுற்றும். அதைச் சுற்றிப் புல் அடைந்தால் பெட்டி வேகும், நான் மேலே சொன்ன கதை சமதளத்திலேயே நடக்கும். வசந்தத்தில் முதல் தடவை ஓட்டும் முன் எஞ்சின் மூடியைக் கழற்றிப் பாருங்கள், குளிருக்கு எலி கூடு கட்டியிருக்கும். சிரிக்காதீர்கள், காற்று போகாமல் எஞ்சின் வெந்து போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

மண் இழுப்பது பற்றிக் கேட்டீர்கள். சமதளத்தில், பின்னால் மாட்டும் சின்ன இழுவண்டியில், அரைப் பாரம் என்றால் சரி. கையேட்டில் இழுக்கும் எடை போட்டிருப்பார்கள், அதில் பாதியை உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். கலப்பை மாதிரி மண்ணைக் கிளறும் எதையும் மாட்டக் கூடாது. கத்தரிக்கும் அவரைக்கும் பாத்தி போட ஒரு நாள் டில்லர், அதாவது மண் கிளறும் இயந்திரம், வாடகைக்கு எடுங்கள்.

ஆக என் தீர்ப்பு. பின்பக்கம் அளந்தபோது எட்டு டிகிரிக்குள் வந்தால் 2,200 டாலர் வண்டியையே, ஹைட்ரோஸ்டாட்டிக்காகப் பார்த்து, தயங்காமல் வாங்குங்கள். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் என்றால் இரண்டு வழி. முன்பக்கத்துக்கு மலிவு வண்டி, சரிவுக்கு ஒரு 400 டாலர் கையால் தள்ளும் மோவர், அதுவும் தானே நகரும் வகை. அல்லது, என்னைக் கேட்டால் இதுதான், உயர்ந்த வரிசையில் பழையது ஒன்று. ஏழெட்டு வருடம் ஆன, 200, 300 மணி ஓடிய டீலர் ரக வண்டி புதிய மலிவு வண்டியின் விலைக்கே கிடைக்கும், வீட்டை விற்றுப் போகிறவர்கள் அவசரத்தில் கொடுப்பார்கள். பார்க்கப் போகும்போது முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து நீலப் புகை வருகிறதா பாருங்கள். இருபது நிமிடம் ஓட்டிச் சூடேற்றிய பிறகு ஒரு மேட்டில் ஏற்றுங்கள். பிளேடைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஸ்பிண்டிலில் தளர்ந்த ஆட்டம் இருக்கக் கூடாது. பன்னிரண்டுக்கு மேல் என்றால் முன்பக்கத்தை நீங்கள் வெட்டுங்கள், பின்பக்கத்துக்கு ஆளையே வரச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். உங்கள் மனைவி சொன்னதும் பாதி நடந்த மாதிரி இருக்கும்.

பேட்டரி ரைடிங் மோவர்கள் நன்றாக வந்துவிட்டன, சத்தம் இல்லை, கார்புரேட்டர் தொல்லை இல்லை. உங்கள் பட்ஜெட்டில் இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

கடைசியாக அப்பா. தாராளமாக ஓட்டட்டும், முன்பக்கம் மட்டும். முதல் நாள் பிளேடைப் போடாமல் நாலு சுற்று சுற்றச் சொல்லுங்கள், பெடல் பழகட்டும். இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது, எழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். சத்தமில்லாமல் நின்றுவிட்டதே, ரிப்பேரோ என்று அவர் குனிந்து பார்க்கக் கூடாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த சுவிட்சை ஒயர் போட்டு ஏமாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ரவுண்டு போகலாம் என்ற ஆசை எல்லாத் தாத்தாக்களுக்கும் வரும். அதற்கு மட்டும் ஒரே பேச்சாக முடியாது என்று சொல்லிவிடுங்கள். வண்டி ஓடும்போது பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். தொப்பி, காதுக்கு அடைப்பான், காலுக்கு மூடிய செருப்பு. வேட்டியோடு உட்கார விடாதீர்கள். டெக்கின் பெல்ட் கால் பக்கத்தில்தான் சுற்றுகிறது.